மூன்றாம் முறை எழுதிய பரீட்சை



இம்முறை ஒரு பரீட்சையைப் பற்றி எழுதப் போகிறேன். பரீட்சை என்றவுடன் அது பிள்ளைகளின் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதை எழுதிச் சித்தியடைந்தவளுக்கு அப்போது 49 வயது. அவள் என் தங்கச்சி.

மாங்கேணியில் எங்கள் வீட்டில் நான்கு பெண்பிள்ளைகள். அவர்களில் உயர்தரம் வரை போனவள் அவள் ஒருத்திதான். வாழைச்சேனைக்குப் போய்த் தங்கிப் படித்தாள். பிறகு மூன்று வருடத் தாதியர் பயிற்சி. 1999 இல் வெள்ளைச் சீருடையுடன் அவள் முற்றத்தில் வந்து நின்றபோது அம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நல்ல காரியத்துக்காக எங்கள் வீட்டில் யாரும் அழுது நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

ஏழு வருடம் நம் மாவட்டத்திலேயே வேலை செய்தாள். சுனாமி வந்த அன்றும் வேலையில் இருந்தாள். 2006 இல் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். அந்த வருடக் கடைசியில் வாகரைப் பக்கம் சண்டை மூண்டது. வாகரை வைத்தியசாலையைச் சுற்றி ஆயிரக்கணக்கான சனம் தஞ்சமிருந்தது. காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்ட ஆளில்லை என்று இங்கிருந்து நாங்கள் சொல்லச் சொல்ல, "நான் அங்க நிக்க வேண்டியவள் அக்கா" என்று தொலைபேசியில் அழுதாள்.

கனடாவில் அவள் தாதி இல்லை. இங்கே பெற்ற பயிற்சியும் பதிவும் அங்கே அப்படியே செல்லுபடியாகாது. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராகச் சேர்ந்தாள். குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் அவள் வேலை. மருந்துத் தட்டை மட்டும் தொட அனுமதியில்லை. "ஒரு கிழவிக்கு மூச்சு முட்டுது அக்கா. எனக்கு என்ன செய்ய வேணும் எண்டு தெரியும். ஆனா நான் போய் தாதியக் கூட்டிக்கொண்டு வரோணும்" என்று ஒரு நாள் சொன்னாள். இப்படிப் பதின்மூன்று வருடம் போனது.

2020 இல் கொரோனா வந்தது. ஒன்ராறியோ மாகாண முதியோர் இல்லங்களில் மரணங்கள் கூடி, சில இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்பும் அளவுக்கு நிலைமை மோசமானது. அவள் வேலை செய்த இடத்திலும் தாதியர் போதவில்லை. அந்த வருடம்தான், "நான் பரீட்சை எழுதப் போறன்" என்று சொன்னாள்.

பரீட்சைக்கு முன் ஒரு பரீட்சை

எழுதுவதற்கு முன்பே ஒரு பெரிய வேலை இருந்தது. வெளிநாட்டில் படித்த தாதியரின் பத்திரங்களைப் பரிசோதிப்பதற்குக் கனடாவில் 2014 இல் தேசிய தாதியர் மதிப்பீட்டுச் சேவை என்ற ஒன்றை ஆரம்பித்தார்கள். படித்த கல்லூரி, எத்தனை மணித்தியாலம் என்ன பாடம் படிப்பித்தது என்பதை அங்கே நேரடியாக அனுப்ப வேண்டும். நாம் கையில் வைத்திருக்கும் பிரதியை அனுப்ப முடியாது. பதிவுச் சபையின் கடிதமும் அப்படியே நேரடியாகப் போக வேண்டும்.

எங்கள் வீட்டுப் பத்திரங்களின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் வீட்டுக் கதையும் அதுதானே. பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, காணி உறுதி எல்லாவற்றையும் அம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தா. சுனாமி அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்விட்டது. தங்கச்சியின் தாதியர் சான்றிதழ் அவளது விடுதியில் இருந்ததால் தப்பியது. அதன் பிறகு எடுத்த பிரதிகளை அம்மா பொலித்தீன் பையில் சுற்றி, 2006 இடம்பெயர்வின்போது இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தா. சமையல் பாத்திரத்தைக்கூட விட்டுவிட்டு வந்தோம். அந்தப் பையை அவ விடவில்லை.

ஆகவே பத்திர அலைச்சல் என் பொறுப்பாயிற்று. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்தேன். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்துப் பெற்றோம். சுட்டெண்ணும் எழுதிய வருடமும் தெரிந்திருந்தால் இது பெரிய கஷ்டமில்லை. தங்கச்சி படித்த கல்லூரிக்கு மூன்று தடவை பஸ்ஸில் போனேன். மூன்றாம் தடவை அங்கிருந்த அம்மணி ஒருவர் தூசி தட்டி எடுத்த பழைய பதிவேட்டில் தங்கச்சியின் பெயர் இருந்தது. என் விரலை அந்தப் பெயரில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அழியாமல் எஞ்சிய எழுத்து அது ஒன்றுதான் என்று தோன்றியது.

அதன் பிறகும், அண்மைக் காலத்தில் தாதியாக வேலை செய்த அனுபவத்தைக் கேட்டார்கள். முதியோர் இல்லத்து வருடங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஒரு மீள்பயிற்சி வகுப்பை இரவு வேலைக்கு இடையில் முடித்தாள்.

என்ன பரீட்சை இது?

அதன் பெயர் என்கிளெக்ஸ். அமெரிக்காவில் தாதியாகப் பதிவு செய்யும் எல்லோரும் எழுதுவது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015 இல் இதை ஏற்றுக்கொண்டன. இதில் நாம் பழகிய வினாத்தாள் கிடையாது. கணினியின் முன்னால் ஐந்து மணித்தியாலம் வரை இருக்க வேண்டியிருக்கும். ஒரு கேள்விக்குச் சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி இன்னும் கடினமாக வரும். பிழைத்தால் சற்று இலகுவானது வரும். இப்போதைய முறைப்படி குறைந்தது 85 கேள்வி, கூடியது 150. இவர் தகுதிக்கோட்டுக்கு மேலா கீழா என்பது உறுதியானதும் கணினி தானே நின்றுவிடும். 85 ஆவது கேள்வியில் திரை நின்றால் சித்தியா இல்லையா என்று எழுதியவருக்கே தெரியாது.

தங்கச்சி 2022 இல் முதற்தடவை எழுதினாள். சித்தியில்லை.

இரண்டாம் தடவைக்கு ஆயத்தமாகி வரும்போது 2023 ஏப்ரலில் பரீட்சையின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். ஒரு நோயாளியின் முழு விபரத்தையும் தந்து தொடர்ச்சியாகக் கேள்வி கேட்கும் முறை வந்தது. அதிலும் சித்தியில்லை. அன்று எங்களுக்கு இரவு பத்து மணி. மாரி மழை. "அக்கா, இந்த முறையும் இல்ல" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்ட மூளை பழசாப் போச்சு. மகள் பல்கலைக்கழகம் போற வயசில நான் பாலர் வகுப்புப் பிள்ளை போல இருக்கன். சனம் என்ன சொல்லும்?"

"சனம் உனக்குச் சம்பளம் தருதா புள்ள?" என்று கேட்டேன். வேறு என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

அவள் ஏன் தவறினாள்?

இதைத்தான் நான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் தவறியதற்குக் காரணம் மூளை அல்ல.

அவள் ஒரு கேள்வியை எனக்கு விளங்கப்படுத்தினாள். நீங்களும் யோசித்துப் பாருங்கள். காலை வேலைக்கு வருகிறீர்கள். நான்கு நோயாளர். ஒருவர் கால் முறிந்து தாங்க முடியாத வலியில் கத்துகிறார். ஒருவருக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். ஒருவருக்கு நேற்றுக் கழுத்தில் தைரோய்ட் சத்திரசிகிச்சை. மூச்சு எடுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது. ஒருவர் வீட்டுக்குப் போகத் துண்டு கேட்டு நிற்கிறார். முதலில் யாரிடம் போவீர்கள்?

நான் கத்துபவரிடம் என்றேன். பிழை. கழுத்துச் சத்திரசிகிச்சை செய்தவரிடம்தான் போக வேண்டும். அந்தச் சத்தம் மூச்சுக்குழாய் அடைபடுவதன் அறிகுறி. வலியால் ஒருவர் உடனே இறப்பதில்லை. மூச்சு அடைபட்டால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் மூச்சுவழி, பிறகு சுவாசம், அதன் பிறகு இரத்தோட்டம் என்ற ஒழுங்கு மனதில் ஊறியிருக்க வேண்டும்.

தங்கச்சிக்கு இது தெரியாதா? வேலைத்தலத்தில் ஓடிப்போய்ச் செய்திருப்பாள். ஆனால் கேள்வியாக வரும்போது தடுமாறினாள். எங்கள் பழைய பயிற்சியில் பாடத்தை வரிக்கு வரி ஒப்புவித்தால் புள்ளி கிடைக்கும். இந்தப் பரீட்சை, தெரிந்ததை வைத்து எதை முதலில் செய்வாய் என்று கேட்கிறது.

இன்னொரு பிழை, "வைத்தியருக்கு அறிவிப்பேன்" என்ற விடையையே அவள் அடிக்கடி தெரிவு செய்தது. நம்முடைய வைத்தியசாலைகளில் தாதி தானாக ஒன்றைச் செய்துவிட்டு ஏச்சு வாங்கிய கதைகள் நிறைய உண்டு. அந்தப் பயம் கையில் இருந்தது. ஆனால் நோயாளியை நிமிர்த்தி உட்கார வைப்பது, ஒட்சிசன் கொடுப்பது, குருதியமுக்கம் பார்ப்பது போன்றவை தாதி தன் அறிவால் உடனே செய்யக் கூடியவை. அவற்றைச் செய்யாமல் முதலில் தொலைபேசியை எடுப்பது அங்கே பிழை.

மூன்றாவது, மருந்துப் பெயர்கள். நமக்குப் பரசிட்டமோல், அமெரிக்காவில் அசிட்டமினோபன். நமக்கு அட்ரினலின், அங்கே எபிநெப்ரின். நமக்கு சல்பியூட்டமோல், அங்கே அல்பியூட்டரோல். நமக்குப் பெத்திடின், அங்கே மெபெரிடின். ஒரே மருந்து, வேறு பெயர். பல வருடம் கையாண்ட மருந்தைத் தெரியாதவள் போல் அவள் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

படிப்பை முடித்து வருடங்கள் கூடக் கூடச் சித்தி பெறுவது கஷ்டமாகும் என்பது உண்மை. அமெரிக்காவில் படித்து உடனே எழுதுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேரளவில் முதற்தடவையே சித்தியடைகிறார்கள். திரும்ப எழுதுபவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான். இதைக் கேட்டுத் தங்கச்சி இன்னும் பயந்தாள். நான் மறுபக்கத்தைச் சொன்னேன்: "பாதிப்பேர் சித்தியடையினம்தானே?"

யப்பானில் நடந்தது

திரும்ப எழுதுபவர்கள் எல்லோரும் தங்களையே குற்றம் சொல்லுவார்கள். அது எப்போதும் சரியல்ல என்பதற்கு ஒரு சம்பவம்.

2008 இலிருந்து யப்பான், ஒரு பொருளாதார ஒப்பந்தத்தின் கீழ் இந்தோனேசியாவிலிருந்தும், அடுத்த வருடம் பிலிப்பைன்ஸிலிருந்தும் தாதியரை எடுத்தது. எல்லோரும் தம் நாட்டில் பயிற்சியும் அனுபவமும் உள்ளவர்கள். மூன்று வருடத்துக்குள் யப்பானின் தேசியத் தாதியர் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் நாடு திரும்ப வேண்டும். 2009 இல் 82 பேர் எழுதினார்கள். ஒருவர்கூடச் சித்தியில்லை. 2010 இல் 254 பேர் எழுதி 3 பேர் சித்தி. 2011 இல் 398 பேர் எழுதி 16 பேர் சித்தி. அதே பரீட்சையில் யப்பானியர்கள் பத்துக்கு ஒன்பது பேர் சித்தியடைந்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் பெண்களுக்குத் தாதி வேலை தெரியாதா? தெரியும். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டத் தெரியும். படுக்கைப் புண் என்ற சொல்லை எழுதும் கடினமான சித்திர எழுத்தை வாசிக்கத்தான் தெரியவில்லை. கேள்விகள் எழுந்த பின்னர், 2013 பரீட்சையிலிருந்து அவர்களது வினாத்தாளில் எழுத்துகளுக்கு மேல் உச்சரிப்பு போடப்பட்டது. நேரமும் கூட்டிக் கொடுக்கப்பட்டது. உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. என்றாலும் ஊருக்குத் திரும்பிப் போன சிலர் மறுபடி வந்து எழுதிச் சித்தியடைந்தார்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2022 செப்ரெம்பரில் தாதியர் பரீட்சையை முதற்தடவை எழுதியவர்களில் 51.4 வீதமானோரே சித்தியடைந்தார்கள். முறைப்பாடுகள் எழுந்தன. விசாரித்த ஆணையாளர், பரீட்சையிலேயே குறைபாடுகள் இருப்பதாக 2023 இல் அறிக்கை கொடுத்தார். இப்போது அந்த மாகாணமும் என்கிளெக்ஸுக்கு மாறிவிட்டது.

மொழி புரியாமல் படிவம் நிரப்பியும், புரியாத கடிதத்தில் கையெழுத்து வைத்தும் பழகிய நமக்கு இது புதிய செய்தி அல்ல. தவறியது நாமா, நம்மை அளந்த கோலா என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை. கேட்டுவிட்டு, நம் பக்கத்தில் திருத்த வேண்டியதைத் திருத்தவும் வேண்டும். தங்கச்சி செய்தது அதைத்தான்.

மூன்றாம் தடவை

சித்தியடையாதவர்களுக்கு அந்தப் பரீட்சையில் ஓர் அறிக்கை கொடுப்பார்கள். எந்தப் பகுதியில் கோட்டுக்கு மேல், எதில் கோட்டை அண்டி, எதில் கோட்டுக்குக் கீழ் என்று அதில் இருக்கும். முதல் இரண்டு தடவையும் அவள் அதை வாசிக்காமல் மடித்து வைத்துவிட்டாள். வெட்கம். மூன்றாம் தடவைக்கு அதை எடுத்து மேசையில் ஒட்டினாள். கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளை மட்டும் முதலில் படித்தாள்.

ஒருமுறை தவறினால் குறைந்தது 45 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். அவள் அவசரப்படாமல் ஆறு மாதம் எடுத்தாள். நாளுக்கு ஐம்பது கேள்வி. விடை பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று ஒரு கொப்பியில் தமிழில் எழுதினாள். "ஆங்கிலத்தில வாசிச்சாலும் விளங்கினது தமிழிலதான் நிக்குது" என்றாள். மருந்துப் பெயர்களை இரண்டு நிரலாக எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள். மகள் கேள்வி கேட்க, இவள் சோறு வடித்துக்கொண்டு விடை சொன்னாள். சித்தியடையாத இன்னும் இரண்டு பெண்களோடு, ஒருவர் கேரளம், மற்றவர் பிலிப்பைன்ஸ், ஞாயிறுதோறும் கூடியிருந்து படித்தாள்.

2024 இல் மூன்றாம் தடவை எழுதினாள். 85 ஆவது கேள்வியில் திரை நின்றது. வெளியே வந்து வாகனத்தில் இருந்து எனக்கு எடுத்தாள். "என்ன முடிவு எண்டு தெரியாது அக்கா. ஆனா இந்த முறை நான் பயப்படேல்ல."

சித்தி.

அம்மா அதைக் கேட்க இருக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் மோசம் போய்விட்டா. அந்தப் பொலித்தீன் பை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

தங்கச்சி இப்போது அதே மாதிரியான முதியோர் இல்லமொன்றில் இரவு வேலைத் தாதி. ஐம்பது வயதில் புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் நல்ல நேர முறையெல்லாம் இளையவர்களுக்கே கிடைக்கிறது. கால் வீங்குகிறது என்கிறாள். ஆனால் யாருக்காவது மூச்சு முட்டினால் இன்னொருவரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

நமக்கு இதில் என்ன?

நாம் எல்லோரும் கனடா போகப்போவதில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் சாதாரண தரத்தில் கணிதம் ஒன்றால் நின்றவர்கள்? ஷெல்லடியில் பள்ளிக்கூடம் மூடி, இடம்பெயர்ந்து, பரீட்சை அனுமதி அட்டை வந்தும் போக முடியாமல் விட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்காகச் சில விடயங்கள்:

சாதாரண தரப் பரீட்சையைப் பாடசாலையை விட்ட பிறகும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். தவறிய பாடத்தை மட்டும் எழுதலாம். விண்ணப்ப முடிவுத் திகதியைப் பத்திரிகையில் பார்த்து வையுங்கள். அடையாள அட்டை இல்லாதவர்கள் இப்போதே கிராம உத்தியோகத்தரிடம் போங்கள்.

அரசாங்கத்தின் தாதியர் பயிற்சிக்கும் குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிக்கும் வயதெல்லையும் பாடத் தகைமையும் உண்டு. வர்த்தமானி அறிவித்தலை முழுமையாக வாசித்துவிட்டே விண்ணப்பியுங்கள். உங்களுக்கு வயது கடந்திருந்தால் உங்கள் மகளுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள்.

"தாதியர் பயிற்சி" என்று பெயர்ப்பலகை போட்ட இடமெல்லாம் தாதியாக்காது. காசு கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா? இந்தப் படிப்பை முடித்தால் இலங்கை தாதியர் சபையில் தாதியாகப் பதிய முடியுமா? இரண்டாவதற்கு "இல்லை" என்றால் அது உதவியாளர் அல்லது பராமரிப்பாளர் பயிற்சி. அதுவும் நல்ல தொழில்தான். அதற்கும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உண்டு. ஆனால் எதற்குக் காசு கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும்.

உங்கள் பத்திரங்களின் பிரதிகளை இரண்டு இடத்தில் வையுங்கள். பரீட்சைச் சுட்டெண்களையும் வருடங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடல் வந்தாலும் சண்டை வந்தாலும் அந்த இலக்கங்கள் இருந்தால் மீளப் பெறலாம்.

தனியாகப் படிக்காதீர்கள். அடுப்படியில் தனியாக இருந்தால் தூக்கமும் கவலையும்தான் வரும்.

ஒரு விடயத்தை நான் இதுவரை சொல்லவில்லை. எனக்கும் கணிதம் தவறியதுதான். 1987 இல் ஒரு முறை, அடுத்த வருடம் மறுமுறை. "இனி எதுக்கு?" என்று விட்டுவிட்டேன். தங்கச்சி சித்தியடைந்த செய்தியை எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் சொன்னபோது, மீன் கருவாடு போடும் ஒரு தங்கச்சி, 34 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், கணவர் இல்லை, "எனக்கும் கணிதம் மட்டுந்தான் அக்கா" என்றாள். இன்னொருத்தியும் கை உயர்த்தினாள்.

இப்போது வியாழக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் கணிதம் செய்கிறோம். இந்த வருடம் உயர்தரம் எடுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் எங்கள் ரீச்சர். சேமிப்புக் கணக்கில் வட்டி போடத் தெரிந்த எங்களுக்கு, புத்தகத்தில் அதே வட்டி வரும்போது கை நடுங்குகிறது. "அன்ரி, இது நீங்க மாசாமாசம் போடுற கணக்குத்தான்" என்று அவள் சிரிக்கிறாள்.

எனக்கு இனி எந்தத் தொழிலும் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பெறுபேறு வந்தால் அதுவும் இந்தப் பக்கத்தில் வரும், சித்தி என்றாலும் இல்லையென்றாலும்.

உங்களுக்கும் பாதியில் நின்ற பரீட்சை ஒன்று இருந்தால் எழுதி அனுப்புங்கள். பெயர் போட விரும்பாவிட்டால் போடமாட்டோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.